டிராகன் பறக்க எத்தனை பிரேம்? வாசகர் கேள்வி–பதில்

மாயாஜாலக் கதை சொல்லும் அனிமேஷன் படங்களின் இசை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ படத்தில் அந்தப் பையன் டிராகன் மேல் ஏறிப் பறக்கும்போது வரும் இசையை எத்தனை தடவை கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. யார் இசை? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இசை ஜான் பவல். இங்கிலாந்துக்காரர். 2001-இல் வந்த ‘ஷ்ரெக்’ படத்துக்கு ஹாரி கிரெக்சன் வில்லியம்ஸோடு சேர்ந்து இசையமைத்தவர். டிராகன் படம் வந்தது 2010-இல். அந்த இசைக்கு ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. விருது ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்குப் போனது. 2014, 2019 ஆண்டுகளில் வந்த அடுத்த இரு பாகங்களுக்கும், நடிகர்களை வைத்து எடுத்து 2025-இல் வெளியான படத்துக்கும் அவரே இசை.

நீங்கள் கேட்கும் துண்டுக்கு ‘டெஸ்ட் டிரைவ்’ என்று பெயர். இரண்டரை நிமிடம்தான் ஓடும். அதில் இரண்டு வேகம் ஒரே நேரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். அடியில் வயலின்கள் பொடிப்பொடி ஸ்வரங்களாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலே பித்தளைக் குழல்கள் நீண்ட ஸ்வரங்களில் மெட்டை விரித்து வாசிக்கும். ஓட்டம் வேகத்தைக் காட்டும், நீண்ட மெட்டு உயரத்தைக் காட்டும். மெட்டும் ஓட்டமும் இரண்டுமே வேகமாக இருந்திருந்தால் அது துரத்தல் காட்சிக்கான இசையாகிவிடும். பறக்கும் உணர்வு வராது. இன்னொரு காரணமும் உண்டு. அந்த மெட்டு நமக்கு அங்கே புதிது இல்லை. படம் தொடங்கியதிலிருந்து துண்டு துண்டாக அதைக் கேட்டு வந்திருக்கிறோம். காது ஏற்கனவே பழகிவிட்ட மெட்டு, முழு ஆர்கெஸ்ட்ராவோடு எழுந்து நிற்பது இங்கேதான்.

பேக்பைப், சீழ்க்கைக் குழல், தந்திகளைக் கோலால் தட்டி வாசிக்கும் டல்சிமர் ஆகியவை சேர்ந்த அந்த ஸ்காட்லாந்து, அயர்லாந்து வாடைக்கும் கதையில் இடமுண்டு. படத்தில் வைகிங் பெரியவர்கள் ஸ்காட்லாந்து உச்சரிப்பில்தான் பேசுகிறார்கள். வாத்தியத் தேர்வும் அந்தப் பேச்சோடு ஒட்டிப்போகிறது.

ஆனால் அந்தப் படத்தில் எங்களுக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ‘ஃபர்பிடன் ஃபிரெண்ட்ஷிப்’ என்ற துண்டு. பையனும் டிராகனும் முதல்முறை நெருங்கும் காட்சி. ஏறக்குறைய நான்கு நிமிடம், வசனமே கிடையாது. தொடக்கத்தில் தாள வாத்தியங்களில் சின்னச் சின்ன ஸ்வரக் கோவை ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கு ஏறும். பிறகு சொல் இல்லாத மனிதக் குரல், பிறகு வில் வாத்தியங்கள். டிராகன் மரக்கிளையைப் பிடித்து மணலில் கோடு போடும் இடத்தில் இசையும் அதே விளையாட்டுத்தனத்தோடு சுழல்கிறது. மெட்டு என்று முணுமுணுக்க முதலில் எதுவும் இருக்காது. இரண்டு உயிர்களுக்கும் இடையே நம்பிக்கை வரும் அளவுக்குத்தான் இசையும் உருவம் எடுக்கிறது.

நடிகர்களை வைத்துப் படம்பிடிக்கும்போது படப்பிடிப்புத் தளத்தின் ஒலி கொஞ்சமாவது கைவசம் இருக்கும். அனிமேஷனில் ஒன்றுமே இருக்காது. காலடி, காற்று, மூச்சு எல்லாவற்றையும் யாராவது உட்கார்ந்து சேர்க்க வேண்டும். அந்த வெறுமையில் முதலில் கேட்கப்போவது தன் இசைதான் என்பது இசையமைப்பாளருக்குத் தெரியும். இந்தக் காட்சியை ஒருமுறை ஒலியை அணைத்துப் பாருங்கள். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். எது எதைத் தாங்குகிறது என்று உடனே பிடிபடும்.

‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தின் முடிவில் வரும் பாட்டும் ஜோ ஹிசாயிஷிதானே? என் தம்பி இல்லை என்கிறான்.
— வாசகி, குளச்சல்

தம்பி சொல்வது சரி. ‘ஆல்வேஸ் வித் மி’ என்று உலகம் அறிந்த அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்துப் பாடியவர் யூமி கிமுரா. வரிகள் வக்காகோ காக்கு. படத்தின் இயக்குநர் மியாசாகி கைவிட்ட வேறொரு படத் திட்டத்துக்காக முதலில் பிறந்த பாட்டு அது. கிமுரா லயர் என்னும் சிறிய யாழை மீட்டிக்கொண்டே பாடியிருக்கிறார். 2001-இல் வந்த அந்தப் படத்தின் பின்னணி இசை முழுவதும் ஹிசாயிஷியுடையது. தொடக்கத்தில் காரில் போகும்போது வரும் பியானோ, தண்ணீருக்கு மேலே ரயில் போகும் காட்சியில் வரும் ‘சிக்ஸ்த் ஸ்டேஷன்’ இரண்டும் அவரே.

ஹிசாயிஷி வேலை செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறோம். படம் முடியும் முன்பே, இயக்குநர் தரும் குறிப்புகளையும் ஓவியங்களையும் மட்டும் வைத்து ‘இமேஜ் ஆல்பம்’ என்று ஒரு முழு இசைத்தட்டை அவர் உருவாக்கிவிடுவார். 1984-இல் வெளியான ‘நௌசிகா’வுக்கு அவரை முதலில் அழைத்ததே இந்த ஆல்பத்துக்காகத்தான். அது பிடித்துப்போனதால் படத்தின் இசையும் அவர் கைக்கு வந்தது. ஓவியர்கள் வரையும்போதே மெட்டுகள் ஸ்டுடியோவில் ஒலித்துக்கொண்டிருக்கும். அனிமேஷனில் மட்டுமே இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் வசதி இது. இசைக்கு ஏற்பப் படத்தை வரையலாம், படத்துக்கு ஏற்ப இசையையும் எழுதலாம். 1940-இல் டிஸ்னி எடுத்த ‘ஃபான்டேஷியா’ முழுக்க முழுக்க முதல் வகை. லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கியின் தலைமையில் இசையைப் பதிவு செய்துகொண்டு, அதற்குப் படம் வரைந்தார்கள்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் மாலை நிகழ்ச்சிக்கு ‘ஹவ்ல்ஸ் மூவிங் காசில்’ படத்தின் வால்ட்ஸை (மூன்று தட்டு நடன மெட்டு) வாசிக்க ஆசை. கையில் இருப்பது ஒரு கீபோர்டு, இரண்டு வயலின் (ஒருவர் கர்நாடக சங்கீதம் படித்தவர்), 20 பேர் கொண்ட பாடகர் குழு. எப்படிப் பிரித்துக் கொடுக்கலாம்? அனுமதி வாங்க வேண்டுமா?
— பாடகர் குழுப் பயிற்சியாளர், மார்த்தாண்டம்

2004-இல் வந்த அந்தப் படத்தில் ‘மெர்ரி-கோ-ரவுண்ட் ஆஃப் லைஃப்’ என்ற இந்த ஒரே மெட்டுதான் வேடம் மாற்றி மாற்றிப் படம் முழுக்க வருகிறது. கதாநாயகி சோஃபி ஒரு நிமிடம் சின்னப் பெண், மறு நிமிடம் கிழவி. வயது மாறினாலும் ஆள் அவள்தான் என்பது தெரிய வேண்டும் என்பதால் மியாசாகி ஒற்றை மெட்டு கேட்டார். நீங்களும் அதையே செய்யுங்கள். நான்கு முறை வாசியுங்கள், ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றுங்கள்.

ஸ்ருதி ஜி மைனர். வயலினுக்குத் திறந்த ஜி, டி தந்திகள் கைகொடுக்கும் என்பதால் மாற்ற வேண்டாம். கர்நாடக வயலின் கலைஞரிடம் 5 கட்டை என்று சொல்லிவிடுங்கள். மெட்டு பெரும்பாலும் நடபைரவி ராக ஸ்வரங்களில் நகர்ந்து, முடிவுகளில் கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதத்தை, அதாவது மேல் ‘நி’யைத் தொடும். அவர் கமகம் போடாமல் வாசிப்பதுதான் இங்கே பெரிய வேலை. ஒரு வயலின் நேராகவும் மற்றொன்று அசைத்தும் வாசித்தால், இருவரும் ஸ்ருதி சேராமல் வாசிப்பதாகத்தான் சபைக்குக் கேட்கும். ஐந்து கோட்டு ஸ்டாஃப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ‘டோ, ரே, மி’ என்ற சோல்ஃபாவில் எழுதும்போது பி ஃபிளாட்டை ‘டோ’ ஆகவும் ஜி-யை ‘லா’ ஆகவும் வையுங்கள்.

முதல் முறை கீபோர்டு மட்டும், பியானோ ஒலியில், மெதுவாக, தாளக்கட்டு இல்லாமல். இரண்டாம் முறை முதல் வயலின் மெட்டைப் பிடிக்க, கீபோர்டின் இடதுகை மூன்று எண்ணிக்கையில் முதல் தட்டுக்கு அடி ஸ்வரத்தையும், மற்ற இரண்டுக்கு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) கொடுக்கட்டும். மூன்றாம் முறை இரண்டாம் வயலின் கீழே மூன்றாம் ஸ்வரத்தில் சேரட்டும். குழு ‘ஊ’ என்று நீண்ட கார்டுகளைப் பிடிக்கட்டும். நான்காம் முறை எல்லோரும். மெட்டைப் பாடகர்களுக்குக் கொடுக்காதீர்கள். அது தாவித் தாவி ஏறும் வாத்திய மெட்டு. உச்சக் குரலான சோப்ரானோ உச்சியில் கத்த வேண்டிவரும், கீழே இறங்கும்போது சத்தமே வராது.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கீபோர்டில் இருக்கும் வால்ட்ஸ் ‘ஸ்டைல்’ பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ் ஓசை வந்து மெட்டை நசுக்கிவிடும், கையால் வாசியுங்கள். இரண்டாவது, மூன்று தட்டும் ஒரே கனத்தில் விழுந்தால் வால்ட்ஸ் அணிவகுப்பாகிவிடும். முதல் தட்டு கனம், இரண்டும் மூன்றும் இலேசாக, சீக்கிரம் விட்டுவிடும்படி. மூன்றாவது, பெடலை ஒவ்வொரு முதல் தட்டிலும் மாற்ற வேண்டும். கோவில் மண்டபத்தின் எதிரொலியோடு பெடலும் மிதிபட்டுக் கிடந்தால் நான்காம் பாரிலேயே (மூன்று தட்டு ஒரு பார்) எல்லாம் கலங்கிவிடும். பயிற்சியை நிமிடத்துக்கு 100 தட்டில் தொடங்கி, 140 வரை ஏற்றுங்கள்.

அனுமதி பற்றி: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், தொழில்முறை அல்லாத குழு கட்டணம் வாங்காமல் வாசிப்பதற்கும், மத நிறுவனத்தின் நலனுக்காக வாசிப்பதற்கும் விலக்கு உண்டு. ஆகவே மேடையில் வாசிக்கத் தடையில்லை. ஆனால் அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அந்த விலக்கு அங்கே உங்களைக் காப்பாற்றாது. மெட்டை யூடியூபின் தானியங்கி முறை அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பலாம், அல்லது காணொளியையே தடுக்கலாம்.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று இசையமைப்பாளர் பெயர் போடுகிறார்களே, அது ஏன்?
— வாசகர், கருங்கல்

பாடல் எழுதும் திறமை வேறு, காட்சிக்குப் பின்னணி எழுதும் திறமை வேறு. நம்மூரில் ஒருவரே இரண்டையும் செய்து பழகிவிட்டதால் நமக்கு வித்தியாசமாகத் தெரிகிறது. ‘தி லயன் கிங்’ (1994) பாடல்கள் எல்டன் ஜான் மெட்டு, டிம் ரைஸ் வரிகள். பின்னணி ஹான்ஸ் ஜிம்மர். தொடக்கத்தில் சூரியன் எழும்போது வரும் ஜூலு மொழிக் குரல் தென்னாப்பிரிக்காவின் லெபோ எம். இந்தப் படம்தான் ஜிம்மருக்கு முதல் ஆஸ்கார் வாங்கித் தந்தது. ‘ஃப்ரோசன்’ (2013) பாடல்கள் கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதி. பின்னணி கிறிஸ்டோஃப் பெக். ‘மோவானா’வில் (2016) லின்-மானுவல் மிராண்டா, மார்க் மான்சினா ஆகியோரோடு, பசிபிக் தீவு இசையை முறையாகத் தெரிந்த ஓபெடாயா ஃபோவாயும் சேர்ந்தார். ஒரு மண்ணின் இசை வேண்டுமென்றால், அந்த மண்ணின் ஆளை அறையில் உட்காரவைப்பதுதான் நேர்மையான வழி. இது எங்கள் உறுதியான கருத்து.

கள்ளியங்காட்டு நீலி கதையை 3 நிமிட அனிமேஷன் குறும்படமாகச் செய்கிறோம். வில்லுப்பாட்டு வேண்டும், துரத்தல் காட்சிக்கு ஆர்கெஸ்ட்ரா மாதிரி இசையும் வேண்டும். இசையைப் படத்தோடு பொருத்தவே முடியவில்லை. முதல் நிமிடம் சரியாக இருக்கிறது, பிறகு விலகிப்போகிறது. என்ன தவறு?
— அனிமேஷன் மாணவர்கள், தோவாளை

நல்ல முயற்சி. உங்கள் மண்ணின் கதைக்கு உங்கள் மண்ணின் வில் என்பதைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் விலகல். நேரம் போகப் போக விலகல் கூடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பிரேம் வேகம், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை தனிப் படங்கள் ஓடுகின்றன என்பது. படத்தை நொடிக்கு 24 பிரேமில் செய்துவிட்டு, எடிட்டிங் புராஜெக்டை 25-இல் திறந்திருப்பீர்கள். 1440 பிரேம் என்பது 24-இல் சரியாக ஒரு நிமிடம். அதே பிரேம்கள் 25-இல் ஓடினால் 57.6 நொடியில் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 2.4 நொடி விலகல். 24-க்கும், வீடியோவில் வரும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம் சின்னது, 10 நிமிடத்துக்கு 0.6 நொடிதான், 3 நிமிடப் படத்தில் அது பெரிய தொல்லை தராது. ஆகவே முதலில் 25-ஐச் சந்தேகப்படுங்கள். அனிமேஷன் மென்பொருள், எடிட்டிங், இசை மென்பொருள் மூன்றிலும் 24 என்று இருக்கட்டும். ஒலிக் கோப்புகள் எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். விலகலைச் சரிசெய்ய ஒலியை வேகப்படுத்தாதீர்கள். 4 சதவீதம் வேகம் கூட்டினாலே ஸ்ருதி ஏறக்குறைய முக்கால் அரைஸ்வரம் ஏறிவிடும். வில்லுப்பாட்டை நடத்திப் பாடும் அண்ணாவியின் குரல் வேறு யாருடையதோ போல ஆகிவிடும்.

அடுத்து வில்லுப்பாட்டு. இந்தப் பகுதிக்கு இசையை முதலில் பதிவு செய்யுங்கள், படத்தைப் பிறகு வரையுங்கள். கதை சொல்லும் வேகத்துக்கு ஏற்ப வில்லுப்பாட்டின் தாளம் இழுபடும், சுருங்கும். அதுதான் அதன் உயிர். அண்ணாவியின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, தாளம் காட்டும் கிளிக் சத்தம் கொடுத்தால் அந்த உயிர் போய்விடும். பதிவு முடிந்ததும் அலைவடிவத்தைப் பார்த்து, வில்லைத் தட்டும் வீசுகோல் விழும் ஒவ்வொரு அடியின் பிரேம் எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீலி திரும்பிப் பார்ப்பதும், கள்ளிச்செடி அசைவதும் அந்த எண்களில் நடக்கட்டும்.

பதிவில் தொல்லை தருவது வில்லில் கட்டிய மணிகள். ஒவ்வொரு அடிக்கும் எல்லா மணியும் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஒலி நிற்கும் மேல் பகுதியில்தான் நம் பேச்சின் ச, ட, ற போன்ற எழுத்துகளின் தெளிவும் இருக்கிறது. மேடையில் கண்ணால் பார்ப்பதால் நமக்குப் புரிந்துவிடும்; பதிவில் வரிகள் விழுங்கப்பட்டுவிடும். வழி எளிது. முதலில் குழு முழுவதையும் சேர்த்து ஒருமுறை பதிவு செய்யுங்கள். பிறகு அண்ணாவியின் வசனப் பகுதிகளை வில் அடிக்காமல் தனியாகப் பாடச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். குடத்துக்கு மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள். குடத்தின் வாயில் அடிக்கும் பத்தை விழும்போது வெளியேறும் காற்று மைக்கில் மோதி ‘பொத்’ என்று வெடிக்கும். இரண்டடி தள்ளி, சாய்வாக வையுங்கள். குடத்தின் கம்பீரம் முழுவதும் அடி ஒலியில் இருக்கிறது. மென்பொருளில் கீழ்ப்பகுதியை வெட்டும் ஃபில்டர் குடத்தின் தடத்தில் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடுக்கையும் தாளமும் தூரத்தில் இருந்தாலே போதும், அவை எப்படியும் கேட்கும்.

கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், படத்தின் பெயர்ப் பட்டியலில் எல்லோர் பெயரையும் போடுங்கள், இணையத்தில் வெளியிடச் சம்மதம் என்று எழுத்தில் வாங்குங்கள். நிகழ்த்துபவரின் உரிமை சட்டப்படி 50 ஆண்டு செல்லும்.

இனி துரத்தல் காட்சி. இங்கே படம் முதலில், இசை பிறகு. எடிட்டிங் முடிந்து, இனி ஒரு பிரேம்கூட மாறாது என்ற நிலையில்தான் தொடங்க வேண்டும். காட்சியில் இசை தொட்டே ஆக வேண்டிய கணங்களைக் குறியுங்கள். 40 நொடிக் காட்சிக்கு இரண்டு போதும், மூன்று அதிகம். உதாரணமாக, நீலி உருமாறுவது 17.5-ஆம் நொடியில், வணிகன் விழுவது 30-ஆம் நொடியில் என்று வைத்துக்கொள்வோம். பிரேம் கணக்கில் 420, 720. இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் எண் ஒன்று வேண்டும். 15 வகுக்கிறது: 420-இல் 28 முறை, 720-இல் 48 முறை. அதாவது ஒரு தட்டுக்கு 15 பிரேம். நிமிடத்துக்கு 1440 பிரேம் என்பதால் வேகம் 1440 வகுத்தல் 15, அதாவது 96. நாலு தட்டு ஒரு பார் என்றால், 28 தட்டு முடிந்து 8-ஆம் பாரின் முதல் தட்டில் உருமாற்றம், 13-ஆம் பாரின் முதல் தட்டில் வீழ்ச்சி. இரண்டும் கனமான தட்டில் தானாக வந்து விழுகின்றன. கணக்கு இவ்வளவு அழகாக அமையாத நாளும் வரும். அப்போது நடுவில் ஒரு பாரை மட்டும் இரண்டு தட்டாகவோ மூன்று தட்டாகவோ ஆக்கிக்கொள்ளலாம்; துரத்தலில் அந்தத் தடுமாற்றம் பொருத்தமாகவே இருக்கும்.

ஹாலிவுட்டில் இந்தக் கணக்கு பேசும்பட காலத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. டிஸ்னியின் ‘ஸ்கெலிடன் டான்ஸ்’ (1929) படத்துக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங் போன்றவர்கள் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வைத்தே வேலை செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு காலடிக்கும் ஒவ்வொரு கண் சிமிட்டலுக்கும் இசை தட்டினால் கதை கேலிச்சித்திரமாகிவிடும். நீலி பயமுறுத்த வேண்டியவள். உருமாறும் அந்தக் கணத்துக்கு முன்னால் ஒரு பார் முழுக்க அமைதியாக விட்டுப்பாருங்கள். அடி படத்தைவிட ஓரிரு பிரேம் பின்னால் விழுந்தாலும் கண் மன்னித்துவிடும். முன்னால் விழுந்தால் மன்னிக்காது.

சுசீந்திரம் கோவிலின் இசைத்தூண்களின் ஒலியைப் பதிவு செய்து பின்னணி இசையில் பயன்படுத்தலாமா?
— வாசகர், சுசீந்திரம்

தூண்களைத் தட்ட வேண்டாம். ஒரே கல்லில் செதுக்கிய அந்த மெல்லிய தண்டுகள் அடிபட்டால் தேயும், விரிசல் விழும். கல்லின் ஒலிதான் வேண்டுமென்றால் கல்பட்டறையில் வெவ்வேறு நீளத்தில் வெட்டிக் கிடக்கும் கருங்கல் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே தள்ளி, கயிற்றின் மேல் வைத்து, மரச்சுத்தியால் நடுவில் தட்டினால் ஸ்வரம் தெளிவாக எழும். தரையில் வைத்துத் தட்டினால் ‘டொக்’ மட்டும்தான்.

தமிழில் டப்பிங் செய்யும்போது பின்னணி இசையைத் திரும்ப வாசிப்பார்களா?
— வாசகி, தக்கலை

இல்லை. படத்தின் இசையும் சத்தங்களும், பேச்சு மட்டும் நீங்கலாக, ஒரு தனித் தடமாக வரும். அதன் மேல் தமிழ்க் குரலை ஏற்றுவார்கள். பாடல்களுக்கும் அப்படித்தான், இசை அப்படியே இருக்கும். பாடலாசிரியருக்குத்தான் கஷ்டம். நீட்டிப் பாடும் இடத்தில் வாய் அகலத் திறந்திருந்தால் அங்கே ஆகாரமோ ஓகாரமோ வர வேண்டும். உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வந்தால் நல்லது. நெடில் விழ வேண்டிய ஸ்வரத்தில் குறில் விழுந்தால் பாட்டு நொண்டும். ‘ஃப்ரோசன் 2’ (2019) தமிழில் எல்சாவுக்குப் பேசியவரும் பாடியவரும் ஸ்ருதி ஹாசன். பேச்சும் பாட்டும் ஒரே குரல் என்பதால் பாத்திரம் உடையாமல் நிற்கிறது.

தமிழில் அனிமேஷன் படங்களுக்கு நல்ல இசை வந்திருக்கிறதா?
— வாசகர், குலசேகரம்

எண்ணிக்கை குறைவு. ‘இனிமே நாங்கதான்’ (2007) இளையராஜா இசை. ‘கோச்சடையான்’ (2014) ஏ.ஆர். ரஹ்மான். அந்தப் படத்தின் உருவங்களைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘எங்கே போகுதோ வானம்’ பாட்டைக் கேட்டுவிட்டு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்திய–ஜப்பானியக் கூட்டில் 1992-இல் உருவான ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’வுக்கு வன்ராஜ் பாட்டியா இசை. அது 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ‘மகாவதார் நரசிம்மா’வுக்கு இசை நம் சாம் சி.எஸ்.

எங்களுக்கு ஒரு ஆதங்கம் உண்டு. புராணம் என்றாலே தொடக்கம் முதல் முடிவு வரை முரசும் கோரஸும் முழங்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. எல்லா இடமும் உச்சம் என்றால் எந்த இடமும் உச்சமில்லை. 1986-இல் வந்த ‘காசில் இன் தி ஸ்கை’ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் படம். அதில் ஹிசாயிஷி எழுதியது ஒரு மணி நேர இசைதான். அமெரிக்க வெளியீட்டுக்கு அது போதாது என்று சொல்லப்பட்டு, 1999-இல் அவரே ஒன்றரை மணி நேரமாக விரித்து எழுதினார். இரண்டு வடிவமும் கிடைக்கும். தொடக்கக் காட்சியில் ஆகாயக் கப்பலின் மேல் நடக்கும் தாக்குதலை இரண்டிலும் அடுத்தடுத்துப் பாருங்கள். இசை இல்லாத வடிவத்தில் காற்றும் இயந்திரமும் மட்டும் கேட்கும்போது வரும் பதற்றம், இசை வந்ததும் வேறு வகையாக மாறுகிறது. எங்கள் வாக்கு பழைய வடிவத்துக்கு.

என் மகளுக்கு 12 வயது. மேற்கத்திய பியானோ நான்காம் கிரேடு படிக்கிறாள். படத்துக்கு இசை எழுத வேண்டும் என்கிறாள். என்ன வாங்கிக் கொடுக்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்?
— ஒரு தாய், பூதப்பாண்டி

வீட்டில் கணினி இருந்தால் பெரிய செலவு இல்லை, அம்மா. 49 கட்டை உள்ள யுஎஸ்பி கீபோர்டு ஒன்று, காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்ஃபோன் ஒன்று. புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் இடையே தாமதம் விழும், தாளம் கெட்டுப்போகும். ஸ்வரம் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். படத்தைப் பார்த்துக்கொண்டே இசை சேர்க்க ரீப்பர் போதும், 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். ஆர்கெஸ்ட்ரா ஒலிகளுக்கு லாப்ஸ் என்ற ஒலித் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஆண்டுக்கு இதற்கு மேல் எதுவும் வாங்காதீர்கள். ஒலிகள் அதிகமானால் குழந்தை ஒலி தேடுவதிலேயே நேரம் போக்கும்.

முதல் பயிற்சிக்கு, வசனமில்லாத ஒரு நிமிடக் காட்சியை எடுத்து ஒலியை அணைத்துவிடுங்கள். அவள் மூன்று முறை எழுதட்டும். முதலில் ஒரே ஒரு விரலால் வாசிக்கும் மெட்டு மட்டும். அடுத்து அதே மெட்டு, கீழே ஒரே ஒரு நீண்ட அடி ஸ்வரம். மூன்றாவது முறை, அந்த ஒரு நிமிடத்தில் 20 நொடி கட்டாயம் அமைதி. எந்த 20 நொடி என்று அவளே முடிவு செய்யட்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் காட்சியின் தொடக்கத்தைத்தான் காலியாக விடுவார்கள். நடுவில் விட்டால் என்ன ஆகிறது என்று அடுத்த வாரம் கேளுங்கள்.